மாமா இஞ்சினை அணைத்தார்

என் அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. எங்களுக்கும் இறங்க விடமாட்டாள். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், தை மாதக் கடைசியில், அப்பா சாப்பிட்டுக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை கடலூருக்குப் போய் அங்கிருந்து பரங்கிப்பேட்டைக்குப் படகில் வரப்போவதாகச் சொன்னார். ரசத்தைப் பிசைந்தபடி சொன்னால் சின்ன விஷயமாகத் தெரியும் என்று நினைத்திருப்பார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

சிதம்பரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் மனிதருக்குக் கடலில் என்ன வேலை? படகு அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதருடையது. கடலூர் முதுநகரில் இருந்த அவரை நான் படகு மாமா என்று கூப்பிடுவேன். பரங்கிப்பேட்டையில் கட்டிக்கொடுத்த மகளுக்குத் தன் ஃபைபர் படகைச் சீர்வரிசையாகக் கொடுக்கப்போகிறார். கொடுக்கிறவர் தன் கையாலேயே ஓட்டிவந்து சம்பந்தி வீட்டார் முன்னால் கரையேற்ற வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். துணைக்கு அப்பா.

"அவருக்கு வேற ஆளா இல்ல? மாத்திர விக்கிறவரு தொணைக்கு எதுக்கு?" என்றாள் அம்மா.

அப்பா மோர் கேட்டார். அவர் வீட்டில் எதையும் பாதிதான் சொல்வார். அதற்குக் காரணம் உண்டு. அம்மாவிடம் ஒன்றைச் சொன்னால், அடுப்பில் இருக்கும் பால் பொங்குவதற்குள் அது பரங்கிப்பேட்டையில் இருந்த பெரியம்மாவுக்குப் போய்விடும்.

அம்மாவின் சந்தேகம் எனக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் அப்பாவும் மாமாவும் அடிக்கடி பாண்டிச்சேரி போய்வருவார்களாம். நான் பிறந்த பிறகு என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துதான் அப்பா குடியை விட்டார். பாண்டியில் சரக்கு மலிவு. ரோட்டில் செக்போஸ்ட் இருக்கிறது, கடலில் இல்லை. அம்மா இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, என்னையும் கூட அழைத்துப் போகச் சொன்னாள்.

தலை பின்னிவிடும்போது காதருகே சொன்னாள்: "உங்கப்பா வாயில எத வச்சாலும் பாரு. அவுங்க என்ன பேசுனாலும் கேளு. வந்து ஒண்ணு விடாம எங்கிட்ட சொல்லணும்."

எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. படகில் ஏறும்போதே எல்லாரையும் முறைத்துப் பார்த்தேன். பொம்பளைப் பிள்ளையை எதற்கு ஏற்றுகிறார்கள் என்று கரையில் யாரோ முணுமுணுத்தார்கள். "சின்னப் புள்ளதான, வரட்டும்" என்றார் மாமா. அவர் பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டார். அப்பா முன்முனையில் கடலைப் பார்த்து உட்கார்ந்தார். நான் நடுவில்.

துறைமுகத்தைத் தாண்டியதும் மாமா இஞ்சினை அணைத்துவிட்டுப் பாயைக் கட்டினார். எனக்கு உடனே சுருக்கென்றது. திருட்டுத்தனமாகப் போகிறவர்கள்தானே சத்தமில்லாமல் போவார்கள்?

"ஏன் மாமா இஞ்சின நிறுத்திட்டீங்க?"

"சத்தம் ஜாஸ்தியா இருக்கு பாப்பா. காத்துதான் தள்ளுதே."

வாடைக்காற்று நன்றாகத்தான் தள்ளியது. கரையோரத் தொழிற்பேட்டையின் ரசாயன நெடி மூக்கில் ஏறியதும், மாமா கரைப்பக்கம் திரும்பாமலே, "தொழிற்பேட்டையப் பாதி தாண்டியாச்சு" என்றார். அதற்குப் பிறகுதான் அவர்களுடைய மர்மப் பேச்சு ஆரம்பித்தது.

"யாராவது வராங்களா மச்சான்?" என்று மாமா கேட்டார்.

"கெழக்கால ஒரு லாஞ்சு. தூரத்துல போவுது."

"வல மெதப்பு?"

"சோத்தாங்கைப் பக்கம் ரெண்டு. தள்ளி வா."

வழியெல்லாம் இதுதான். யார் வருகிறார்கள், என்ன தெரிகிறது, எவ்வளவு தூரம். போலீஸுக்குப் பயந்தவர்கள் இப்படித்தான் கேட்டுக்கொள்வார்கள் என்று நான் மனதில் குறித்துக்கொண்டேன். நடுவில் அப்பா எழுந்துவந்து சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி பாட்டிலை எடுத்து மாமாவிடம் கொடுத்துவிட்டு, சுக்கானை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். மாமா எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி அண்ணாந்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். எனக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷமும் இருந்தது, அப்பாவை நினைத்து அழுகையும் வந்தது.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் மணல்திட்டு. அலை அங்கே மடங்கி மடங்கி உடையும். அப்பா பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"பேசிக்கிட்டே இரு மச்சான், நிறுத்தாத" என்றார் மாமா.

"பீச்சாங்கை. இன்னும் கொஞ்சம். நேரா விடு. நேரா..."

ஒரு அலை பக்கவாட்டில் மோதியது. படகு சாய்ந்தது. அப்பாவின் வாய்க்குள் தண்ணீர் போய்ப் பேச்சு நின்றுவிட்டது. அந்த ஒரு கணம் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு பயந்த பெரிய மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "மச்சான்? மச்சான்?" என்று அப்பா இல்லாத பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

"இங்கதான் இருக்கேன். சோத்தாங்கை, சோத்தாங்கை."

படகு ஆற்றுக்குள் நுழைந்துவிட்டது. கரையில் சம்பந்தி வீட்டார் கூட்டமாக நின்றார்கள். அப்பா சட்டென்று உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார். ஆனால் உதட்டை அதிகம் அசைக்காமல் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். படகு மணலில் ஏறியது. முதலில் குதித்த அப்பா, மாமாவைக் கட்டிப்பிடித்து இறக்கினார். மகள் ஆரத்தி எடுத்தாள். மாமா சிரித்த சிரிப்பு கரை முழுக்கக் கேட்டது.

சாயங்காலம் சிதம்பரம் வந்ததும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு என் சாட்சியத்தைச் சொன்னேன். இஞ்சின், லாஞ்சு, மிதப்பு, குட்டி பாட்டில்.

"வாயில ஊத்துனாங்களா?" என்றாள் அம்மா.

"தெரியல. மாமா அண்ணாந்தாரு. அப்புறம் கர்ச்சீப்பால கண்ணத் தொடச்சாரு."

"கண்ணையா?"

"ஆமா. ரெண்டையும்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இஞ்சினை எப்போது அணைத்தார், அப்பா எங்கே உட்கார்ந்திருந்தார் என்று மறுபடியும் கேட்டாள்.

மாமாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு அம்மாதான் பேச்சுவாக்கில் சொன்னாள். வெளியே தெரிந்தால் தன்னை ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டு வேறு யாராவது படகைக் கொண்டுவந்து விடுவார்கள் என்று அவருக்குப் பயம். கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை வரை அவர் அப்பாவின் குரலைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். இஞ்சின் ஓடினால் அந்தக் குரல் கேட்காது.

ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா அப்பாவைத் திட்டவில்லை என்பதுதான். விளக்கேற்றும் நேரத்தில் பெரியம்மாவிடமிருந்து போன் வந்தது. படகில் வரும்போது அப்பா என்னமோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாராமே, என்ன விஷயம் என்று அங்கே பேச்சாம். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இப்போது எல்லாம் வெளியே வந்துவிடும்.

"அவருக்குக் கடல்னா பயம்க்கா. சாமி பேரச் சொல்லிக்கிட்டு வந்திருப்பாரு" என்றாள் அம்மா. "படக ஓட்டுனது அவரு சிநேகிதருதான். எம் பொண்ணு கூடவே இருந்தா, வேணும்னா கேளு."

போனை என்னிடம் நீட்டினாள். "மாமாதான் ஓட்டுனாரு பெரியம்மா" என்றேன். அது உண்மைதானே.

கூடத்தில் அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்க்காமல் தட்டு எடுத்துவைத்து, முதலில் அவருக்குப் பரிமாறினாள். பெரிய வறுத்த மீன் துண்டை எனக்கு வைத்துத் தலையைத் தடவிவிட்டாள். அது வாயை மூடச் சொல்லித் தந்த லஞ்சம் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அம்மாவும் அப்பா, மாமா கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள். இனிமேல் இந்த வீட்டில் யாரையும் நம்புவதில்லை என்று முடிவுசெய்துகொண்டு, மீனை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனேன்.