என் அப்பாவின் சாவும் அரிமளத்துக் கல்யாணமும்

எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் எனக்குக் கல்யாணம். அப்போது என் வீட்டுக்காரருக்கு அரிசி மில்லைத் தவிர வேறு நினைப்பு கிடையாது. அரசியல் பிறகு வந்தது. முதல் தேர்தலில் தோற்றார், அடுத்ததில் எம்.எல்.ஏ. ஆனார். சட்டசபையில் அவர் வாய் திறந்ததெல்லாம் கொட்டாவி விடத்தான் என்று என் தம்பி சொல்வான். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொகுதியில் ஒரு சாவு, ஒரு கல்யாணம் விடமாட்டார். யார் வீட்டு வாசலில் பந்தல் போட்டாலும் ஜீப் போய் நிற்கும். ஜனங்களுக்குச் சட்டசபையா முக்கியம்? நல்லது கெட்டதுக்கு வந்தாரா என்றுதான் பார்ப்பார்கள். அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

மறுபடியும் தேர்தலில் நின்ற வருஷம், தை மாதத்தில், என் அப்பா இறந்துபோனார். கட்டுமாவடிப் பக்கம் இருக்கும் என் பிறந்த வீட்டிலிருந்து விடியற்காலையில் ஆள் வந்து சொன்னான். அன்றைக்கே அரிமளத்தில் ஒரு பெரிய புள்ளி வீட்டுக் கல்யாணம். அந்த மனிதர் கண்ணைக் காட்டினால் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் ஒரே பக்கம் ஓட்டுப் போடும். சாவுக்குப் போய்விட்டுக் கல்யாணப் பந்தலுக்குள் நுழைய முடியாது. கல்யாணத்தை முடித்துக்கொண்டு சாவுக்குப் போகலாம். எங்கள் பக்கத்து வழக்கம் அது.

"நீ பஸ்ஸப் புடிச்சு முன்னால போ. தாலி கட்டுனதும் வந்துர்றேன்," என்றார்.

"எங்கப்பாவுக்கு நீங்க ஒரே மருமகன். நீங்க கோடி வேட்டி போத்தினாத்தான் எடுப்பாங்க."

"அதான் வாரேன்னு சொல்றேன்ல."

நம்பிப் போனேன்.

எம்.எல்.ஏ.வின் மாமனார் என்று கேள்விப்பட்டு ஆவுடையார்கோவில் பக்கமிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வந்தது. எந்தெந்தச் சாவுக்கு இவர் போயிருந்தாரோ, அந்தந்த வீட்டு ஆட்கள். முகம் தெரியாதவர்களெல்லாம் என் அப்பாவுக்கு மாலை போட்டார்கள். "எம்.எல்.ஏ. எங்கிட்டு இருக்காக?" என்று கேட்டார்கள். வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வறண்டது.

பொழுது சாயத் தொடங்கியதும் தம்பி வந்தான். "அக்கா, இனிமே வச்சிருக்க முடியாது."

"இன்னுங் கொஞ்சம் பொறுடா."

பொறுத்தான். பிறகு அவனே கோடி வேட்டியைப் போர்த்தினான், தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா போன துக்கத்தைவிட இவர் வராத அவமானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அரிமளத்தில் நடந்தது பிறகுதான் தெரிந்தது. மைக் முன்னால் நிறுத்திப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பந்தியில் உட்கார வைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் சாவுப் பேச்சை எடுக்கக் கூடாது. அதனால் கிளம்புவதற்குச் சொல்ல அவரிடம் காரணம் இல்லை.

நாங்கள் பெண்கள் குளித்துவிட்டு ஈரச் சேலையோடு வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தபோது ஜீப் வந்தது. முகம் தெரிந்தும் தெரியாமலும் இருந்த நேரம். இறங்கியவர் ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொருத்தி முன்னாலும் குனிந்து கும்பிட்டு, "மனசத் தேத்திக்கங்க ஆத்தா. எதுன்னாலும் சொல்லி அனுப்புங்க, நான் இருக்கேன்," என்றார். தொகுதியில் எல்லாச் சாவு வீட்டிலும் சொல்வதுதான். என் முன்னாலும் வந்தார். குனிந்தார், கும்பிட்டார், அதையே சொன்னார். அடுத்தவளிடம் போனார். இரண்டு பேரைத் தாண்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறு மாதம் தேர்தல். அரிமளத்துக்காரர் கண்ணைக் காட்டினார். என் வீட்டுக்காரர் சுலபமாக ஜெயித்தார். கழுத்து நிறைய மாலையோடு வந்து, "எல்லாம் ஒன் ராசிதான்," என்றார். வாக்குச் சாவடியில் நான் எதிர்த்து நின்றவரின் சின்னத்தில் முத்திரை குத்தியிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன்.