ஸ்டாசியா அத்தை பாஸ்டன் போனது

என் அப்பாவை நான் பார்த்ததில்லை. எங்கள் விரிகுடா ஊர்களில் பாதி ஆண்கள் மீன் பிடித்தார்கள், மீதிப் பேர் பாஸ்டனில் மாடிக் கட்டிடங்களுக்கு இரும்புச் சட்டம் ஏறினார்கள். அப்பா பெயர் ஆம்ப்ரோஸ், ஏறுகிற கூட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் மே மாதம் ஒன்பதாவது மாடியிலிருந்து ஏழாவது மாடிப் பலகைமேல் விழுந்தார். நான் பிறந்து அன்றைக்கு ஆறு நாள்.

அவரோடு வேலை பார்த்த கஸ் தந்தி அடித்தார். “உயிர் இருக்கிறது. யாராவது சீக்கிரம் வரவும்.”

அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. பெரியப்பா அதற்கு முந்தின வருஷம்தான் கடலோடு போயிருந்தார். மிச்சம் இருந்தது அப்பாவின் தங்கை ஸ்டாசியா அத்தை. வயது முப்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை, மீன் உலர்த்தி உப்பில் வெடித்த கைகள். அதுவரை அத்தை போன தூரமெல்லாம் எங்கள் பக்கத்துப் பட்டணமான செயின்ட் ஜான்ஸ் வரைக்கும்தான், அதுவும் பல் பிடுங்க.

படுக்கையில் கிடந்தபடியே அம்மா சொன்னாள்: “அவன் கையப் புடிச்சுக்கோ, ஸ்டாசியா. பொண்ணு பொறந்திருக்குன்னு சொல்லு. அவன் என்ன சொல்றானோ, ஒரு வார்த்த விடாம கேட்டுட்டு வந்து எங்கிட்டச் சொல்லணும்.”

அதற்காகத்தான் அத்தை நாலு நாள் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு அந்த நாட்டுக்குப் போனாள்.

கஸ்ஸால் துறைமுகத்துக்கு வர முடியவில்லை. அந்த வருஷம் ஒரு நாள் வேலைக்கு வராதவன் இடத்தில் நிற்க வாசலில் ஐம்பது பேர் இருந்தார்கள். தெருப் பெயர், வீட்டு எண், தன் பெயர், மூன்றையும் காகிதத்தில் எழுதிக் கப்பலாளிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அவர் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. பார்வையாளர் நேரம் இரண்டிலிருந்து நாலு.

காலை ஒன்பது மணிக்கு இறங்கிய அத்தைக்கு முதலில் தொலைந்தது காற்று. எங்கள் ஊரில் முகத்தில் படும் காற்றை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டே திசை சொல்லலாம். அங்கே ஒவ்வொரு முக்கிலும் ஒவ்வொரு பக்கமிருந்து அடித்ததாம். சுற்றிச் சுற்றி குதிரைகள் தண்ணீர் குடிக்கிற ஒரே தொட்டிக்கு மூன்று தடவை வந்து சேர்ந்தாளாம். எதிரே வந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னாள். பதினோரு பேரில் ஒருவர் தொப்பியைத் தொட்டார். ஒரு பெண்பிள்ளை பையை மார்போடு அணைத்துக்கொண்டு எதிர்ச் சாரிக்கு ஓடினாள். கடை வாசலில் நம் உப்பு மீன் அடுக்கியிருந்தது. சரியாகக் காய்ந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்ததற்குக் கடைக்காரன் கத்தினான். பாதி கட்டிய ஒரு கட்டிடத்தின் இரும்பு எலும்பில் ஆட்கள் ஈ மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றார்கள். இதிலிருந்துதான் அண்ணன் விழுந்தானோ என்று அண்ணாந்து பார்த்தபடி வெகு நேரம் நின்றுவிட்டாள்.

தெருவைக் கண்டுபிடித்தபோது மணி பன்னிரண்டு. எல்லாம் ஒரே மாதிரிச் செங்கல் வீடு, எண் பாதிக்குமேல் அழிந்திருந்தது. விசாரிக்கலாம் என்று ஒரு கதவைத் திறந்து உள்ளே போனாள். சமையலறையில் யாரும் இல்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, இறக்கி வைத்தாள். நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாடியிலிருந்து இறங்கிவந்த வீட்டுக்காரி போட்ட கூச்சலில் தெருவே கூடியது. போலீஸ் வந்தது.

“கதவத் தட்டணும்னு தெரியாதா உனக்கு?” என்றான் போலீஸ்காரன்.

“எதுக்குத் தட்டணும்? யாரும் சாகலியே.”

எங்கள் ஊரில் கதவைத் தட்டுவது பாதிரியார் ஒருவர்தான், கடலில் யாராவது மூழ்கினால். மற்றவர்கள் திறந்துகொண்டு வருவோம்.

“திருட வந்தவ பாலை எறக்கி வைப்பாளாய்யா?”

“பாஸ்டன்ல எல்லா ரகமும் உண்டு, அம்மணி. நட.”

அந்த வீட்டில் போன வாரம்தான் ஏதோ களவு போயிருந்ததாம். ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அத்தை காகிதத்தைக் காட்டிக் காட்டிச் சொன்னாள், அழுதாள், அப்புறம் திட்டினாள். கஸ்ஸுக்கு ஆள் அனுப்பினார்கள். வேலை முடிந்து அவர் ஓடிவந்தபோது மணி நாலரை. நாலு வீடு தள்ளி கஸ்ஸின் வீட்டுக்கார அம்மாள் தொப்பி மாட்டிக்கொண்டு மத்தியானம் முழுக்கக் காத்திருந்தாளாம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கதவை மறித்து நின்றாள். “நாலு மணியோட சரி. நாளைக்கு ரெண்டு மணிக்கு வாங்க.”

“நாலு நாள் கப்பல்ல வந்திருக்கா, சிஸ்டர். கூடப் பொறந்தவ,” என்றார் கஸ்.

“அவரு இன்னைக்கு நல்லாத்தான் இருந்தாரு. ஊர்லேர்ந்து ஆள் வருதுன்னு ரெண்டு மணியிலேர்ந்து இந்தக் கதவையே பாத்துக்கிட்டிருந்தாரு. இப்பத்தான் அசந்து தூங்குறாரு. எழுப்ப முடியாது.”

மறுநாள் இரண்டு மணிக்குப் போனார்கள். அந்தக் கட்டிலில் வேறொருவன் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தான். அப்பா விடியற்காலையிலேயே போய்விட்டார். அங்கேயே புதைத்தார்கள்.

அத்தை திரும்பி வந்தபோது அம்மா என்னைப் போர்வையில் சுற்றிக்கொண்டு படகுத்துறையில் நின்றாளாம்.

“பாத்தியா?”

“பாத்தேன்.”

“என்ன சொன்னான்?”

“எந்தொப்பியப் பாத்து சிரிச்சான். இந்தக் கோழிக்கூட்ட எங்கேடி புடிச்சேன்னான்.”

பெரிய பெரிய வார்த்தையாகச் சொல்லியிருந்தால் அம்மா நம்பியிருக்க மாட்டாள். இதை நம்பினாள். அப்பா அப்படித்தான் பேசுவாராம்.

“கடைசியா யார் பேரச் சொன்னான்?”

“உம்பேருதான். வேற யாரு பேரு?”

அதோடு முடியவில்லை. பனி இறங்கிவிட்டால் அம்மா அத்தையை உட்காரவைத்துக் கேட்பாள், அத்தை சொல்ல வேண்டும். எனக்கே மனப்பாடம்.

“போன வருஷம் எடது கைன்னு சொன்னே,” என்பாள் அம்மா.

“ரெண்டு கையாலயும் புடிச்சான், போதுமா?” என்று அத்தை விறகு எடுக்க வெளியே போய்விடுவாள்.

எங்கள் ஊர் ஜாக் வேட் இரண்டு தடவை அம்மாவைக் கல்யாணத்துக்குக் கேட்டு வந்தார். நல்ல மனுஷர், சொந்தப் படகு இருந்தது. “எம்பேரச் சொல்லிக்கிட்டே போனவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்று அம்மா திருப்பி அனுப்பினாள். மீன் உலர்த்தியும் பிறத்தியார் துணி வெளுத்தும் நெஞ்சு கெட்டுப்போய், அறுபத்துமூன்றாம் வருஷம் செத்தாள். ஜாக் வேட் படி இறங்கிப் போனதை இரண்டு தடவையும் அத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவைப் புதைத்து வந்த அன்று, உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டே அத்தை எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள், காற்றிலிருந்து சூப் குடித்தவன் வரைக்கும்.

அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்தேன். “இத்தன வருஷம் சொல்லாம இன்னைக்கு ஏன் சொல்ற?”

“இந்நேரம் அவ அங்க போயி அவங்கிட்டக் கேட்டிருப்பா, பொண்ணே. ஸ்டாசியா வரவே இல்லன்னு அவன் சொல்லியிருப்பான். நீயாவது எங்கிட்டேர்ந்து கேட்டுக்கோ.”

அதற்குப் பிறகு அவள் ஏழு வருஷம் இருந்தாள். கடைசிக் காய்ச்சலில் பாதிரியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “பயப்படாதீங்க, உங்க ஆளுங்கள்லாம் அங்க காத்துக்கிட்டிருக்காங்க,” என்று ஆறுதல் சொன்னார்.

அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.