இடது பக்க பெல்ட்

இது நடந்தது. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். யாரையும் நம்பவைப்பது என் தொழில் இல்லை. கார் இன்ஜினின் கம்ப்யூட்டரில் எண்களை மாற்றி வேகம் கூட்டுவதுதான் என் தொழில். பொம்மசந்திராவில் ஷெட்.

வைட்ஃபீல்டில் வேலை பார்க்கும் சிந்து, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். "இழுவை பத்தல அண்ணா. ஆனா ஸ்வல்ப, கொஞ்சம் பாத்து பண்ணுங்க. பாத்து..." என்றார். நான் காதில் வாங்கவில்லை. அந்தக் கியர்பாக்ஸ் தாங்கும் இழுவை 400 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் போகாமல் கம்ப்யூட்டர் தடுக்கும். அந்தத் தடையை 520-க்கு ஏற்றினேன். கொழுப்புதான், வேறென்ன.

விடிகாலை 5:10. ஓட்டிப் பார்க்க அத்திபெலே பக்கம் தனியாகக் கிளம்பினேன். வண்டியின் கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்த லேப்டாப் இடது சீட்டில்.

டிங்... டிங்... டிங்...

இடது சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லும் ஒலி. லேப்டாப்பின் எடையாக இருக்கும். ஓரங்கட்டி, அதைக் கீழே வைத்தேன்.

டிங்... டிங்...

5:14. எரிச்சலில் காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். ஒலி நின்றது.

5:17. முழுதாக மிதித்தேன். வண்டி இழுக்கவில்லை. கீழே ஏதோ சத்தம்...

டக்... டக் டக்...

லேப்டாப்பில் யாரோ தட்டுகிற சத்தம்.

பிரேக் அடித்தேன்.

இடது பெல்ட் முன்னால் புடைத்தது. உள்ளே ஒரு நெஞ்சு இருப்பது போல...

கிளிக்.

தானாகக் கழன்றது.

டிங்... டிங்...

இறங்கி ஓடினேன். வெளிச்சம் வந்த பிறகுதான் திரும்பினேன். லேப்டாப்பில் 520 இல்லை. 400. மாற்றிய நேரம் 5:17. ஓடும் வண்டியில் அந்த எண்ணை மாற்றவே முடியாது. இன்ஜினை அணைக்க வேண்டும்.

சிந்துவுக்கு போன் செய்தேன். நான் வாய் திறக்கும் முன்பே கேட்டார்.

"520 போட்டீங்களா?"

"உங்களுக்கு யாரு சொன்னா மேடம்?"

போனில் அவர் அழுகைதான் வந்தது. "போன வருஷம் ரகுராம்னு ஒருத்தர் இதே வண்டில அதேதான் போட்டார். நான்தான் ஓட்டினேன். அத்திபெலே கிட்ட கியர்பாக்ஸ் இறுகி வண்டி மோதிடுச்சு. இடது சீட்ல, மடியில லேப்டாப்போட... பெல்ட் போடல அண்ணா. ஸ்பாட்லயே போயிட்டார்."

"பெல்ட் போடச் சொல்லி சத்தம் வருமே?"

"அது தொல்லைன்னு அன்னிக்குக் காலைலதான் ஒயர வெட்டினார்."

சீட்டுக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

ஒயர் வெட்டியபடியே இருந்தது.