இசக்கி யாருடைய பேரையும் மாற்றச் சொல்லவில்லை

இசக்கியம்மாள் போய்விட்டாள் என்று அவள் தம்பி போனில் சொன்னபோது நான் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். "இங்கன வராதீங்க கோமதியக்கா, ஊருக்கே வந்துருங்க, கரிவலத்துக்கு. நாங்க கொண்டு வாரோம்" என்றான். நாற்பது வயதுகூட ஆகவில்லை அவளுக்கு. சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அது இன்னும் இறங்கவில்லை. இறக்கி வைக்கிற எண்ணமும் எனக்கு இல்லை.

அவளோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவளிடம் திட்டு வாங்கியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு மாடியில் உட்கார்ந்து, சென்னை நிறுவனம் ஒன்றுக்காக நாங்கள் சில பேர் கணினியில் தமிழ் அடிக்கும் மென்பொருளான ஓர் எடிட்டரை எழுதி வருகிறோம். சுற்றுவட்டாரத்து டி.டி.பி. கடைகள் அதில்தான் கல்யாணம், கருமாதி அழைப்புப் பத்திரிகைகளை அடிக்கின்றன. ஒரு கோப்பு எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்று காட்டும் முகவரியை நாங்கள் பாதை என்போம். பாதையைக் கையாளும் நிரல் முழுக்க இசக்கி எழுதியது. அதைத் தூக்கிவிட்டுச் சுருக்கமாக எழுதப்போவதாகப் புதிய மேலாளர் போன வாரம் சொன்னார். அவளுடைய கருமாதிகூட அப்போது முடியவில்லை.

அந்த நிரல் எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாது. ஒரு நாள், வாசுதேவநல்லூரில் கடை வைத்திருக்கும் தங்கராசு அண்ணாச்சி மூச்சு வாங்க மாடியேறி வந்தார். "ஏம்மா, கல்யாண வீட்டுக்காரங்க முன்னால உங்க எடிட்டரு கருமாதிப் பத்திரிகையத் தொறந்து காட்டுது! மாப்பிள்ளையோட அப்பா என்னைய அடிக்காத குறைதான்" என்று கத்தினார். கல்யாணப் பத்திரிகையை சேவ் செய்யும்போது கரண்ட் போய்க் கோப்பு காலியாகிவிட்டது. கரண்ட் வந்ததும் அவசரம் என்று வேறொருவரின் கருமாதிப் பத்திரிகையை முடித்துக் கொடுத்திருக்கிறார். பிறகு எடிட்டர் தானாக எடுத்து வைத்திருக்கும் நகலை, கல்யாணத்தின் பேக்கப்பைத் திறந்தால், அங்கே அந்தக் கருமாதி உட்கார்ந்திருக்கிறது.

அண்ணாச்சி ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டு, இனிஷியலோடு பேர் வைப்பார். கல்யாண வீடு மா.கருப்பசாமி, கருமாதி வீடு மா.வேலுத்தாய். நம் பக்கம் எல்லாரும் அப்படித்தானே எழுதுவோம்? உள்ளே இருக்கும் கோப்புக்கு வெறும் 'பத்திரிகை' என்று பேர். எங்கள் பழைய நிரல், முழுப் பாதையிலும் கடைசிப் புள்ளி எங்கே என்று தேடும். கோப்பின் வகையைப் புள்ளி வைத்துப் பேருக்குப் பின்னால் எழுதுவது வழக்கம் என்பதால், அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் வகை என்று நினைத்து வெட்டிவிடும். 'மா' மட்டும் மிஞ்சும், அந்தப் பேரில்தான் பேக்கப்பை வைக்கும். ஆக, மா. இனிஷியல்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரே பேக்கப். பின்னால் வந்தவர் முன்னால் வந்தவரை அழித்துவிடுவார்.

அப்போதிருந்த மேலாளர் சென்னையிலிருந்து வீடியோவில் ஒரு வழி சொன்னார். ஃபோல்டர் பேரில் புள்ளி இருந்தால் 'தவறான பெயர்' என்று எடிட்டர் மறுத்துவிட வேண்டுமாம். இசக்கி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். "பேரு அவங்க வச்சது சார். கோடிங் நாம எழுதுனது. எது வளையணும்?" அவர் கேட்கவில்லை. சொன்னதைச் செய்யுங்கள் என்றார். செய்தாள். மறுநாள் அவரையே கூப்பிட்டு, "உங்க பேர்ல ஒரு ஃபோல்டர் போட்டுப் பாருங்க சார்" என்றாள். அவர் பழக்கத்தில் இனிஷியலோடு அடித்தார். 'தவறான பெயர்' என்று பெட்டி வந்து நின்றது. "எங்கப்பா பேரும்மா அது" என்றார். "எல்லாருக்கும் அப்படித்தான் சார்" என்றாள் இசக்கி. பெட்டி அன்றைக்கே ஒழிந்தது.

அதற்கப்புறம் அவள் எங்களைப் படுத்திய பாடு இருக்கிறதே! பேக்கப் இடத்தை மட்டும் திருத்திவிட்டு வீட்டுக்குப் போவோம் என்றேன். "ஏட்டி, சும்மா கெட. நம்ம கோடிங்ல எத்தனை எடத்துல இப்படி வெட்டி வச்சிருக்கோமோ! இனிமே பாதைய யாரும் கையால வெட்டக்கூடாது, கையால ஒட்டக்கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். முதலில் ஃபோல்டரையும் கோப்பின் பேரையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். புள்ளியைக் கோப்பின் பேருக்குள் மட்டும் தேட வேண்டும். அங்கே புள்ளி இல்லையென்றால் பேரைத் தொடாமல் விட வேண்டும். இதை ஒரே இடத்தில் எழுதி, மற்ற நிரலெல்லாம் அங்கே வந்துதான் கேட்க வேண்டும் என்று வைத்தாள். இடைவெளி விட்ட பேர், ஃபோல்டர்களைப் பிரிக்கும் சாய்கோடு இரண்டு தடவை விழுந்த பாதை, எதைக் கொடுத்தாலும் சரியான கோப்பு திறந்தது. அண்ணாச்சி அல்வா வாங்கிக்கொண்டு வந்தார்.

இரங்கல் கூட்டத்தில் அவளைப் பொறுமைசாலி என்றார்கள். யார், இசக்கியா? நல்லா இருக்கே கதை! எரிந்து விழுவாள். என் நிரலை எல்லார் முன்னாலும் "என்னட்டி இது, கோழி கிண்டுன மாதிரி" என்பாள். ஆனால் வாடிக்கையாளரிடம் ஒரு நாளும் "நீங்கள்தான் தப்பாகச் செய்தீர்கள்" என்று சொன்னதில்லை. எனக்கு அவள் வேண்டும். அந்த வாயோடு, அந்தக் கோபத்தோடு அப்படியே வேண்டும்.

புதிய மேலாளரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். "எதுக்கு மேடம் இவ்வளவு நீளம்? கடைசிப் புள்ளியைத் தேடி வெட்டினா ரெண்டு வரிதானே?" என்றார். "அந்த ரெண்டு வரியைத்தான் சார் அவ தூக்கி எறிஞ்சா" என்றேன். மேலிடத்துக்கு எழுதப்போகிறாராம். தாராளமாக எழுதட்டும்.

புதிய பதிப்பு வெளியே போகுமுன் மெஷினே சில சோதனைகளை ஓட்டிப் பார்க்கும். ஒன்று தவறினாலும் பதிப்பு போகாது. நேற்று அதில் இன்னொரு சோதனையைச் சேர்த்தேன். ஃபோல்டரின் பேர் செ.இசக்கியம்மாள். உள்ளே புள்ளியில்லாத பேரில் ஒரு கோப்பு. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவளுடைய பிடிவாதம். அதை வைத்துக்கொள்கிறேன். யார் வேண்டுமானாலும் நிரலைச் சுருக்கட்டும். அவள் பேரை வெட்டினால் எங்கள் எடிட்டர் இந்த மாடியை விட்டு இறங்காது.