அண்ணன் சுற்றி வைத்த ரேசர்

என் அண்ணனின் ரேசர் மூன்று துண்டாகப் பிரியும். மேலே ஒரு மூடி, நடுவில் ஒரு தட்டு, கீழே கைப்பிடி. மூடிக்கும் தட்டுக்கும் நடுவில் பிளேடு. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வாரத்தில் ஐந்து நாள் பாத்ரூம் வாசலில் பிரஷ்ஷும் பேஸ்ட்டுமாக நின்றால் தானாகத் தெரிந்துவிடும். ஷேவிங் ஐந்து நிமிஷம் என்றால், ரேசரைக் கழுவுவது பத்து நிமிஷம். ஐந்து நாள்தான், ஏனென்றால் செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் முகத்தில் பிளேடு படக் கூடாது.

“ஏன்ணா, அது ரேசரா இல்ல உன் கொழந்தையா? குளிப்பாட்டினே கீற.”

“உன் டிரிம்மர்ல பாதி முடி உள்ளாறவே நிக்குது. நீ பேசாத.”

செங்கம் ரோட்டில், ஆசிரமம் பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அண்ணன் மேனேஜர். மூன்று மாதம் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பெரியவர் ஊருக்குக் கிளம்பும்போது அறையில் மறந்துவிட்டுப் போன ரேசர் அது. அண்ணன் போட்டோ எடுத்து அனுப்பி, பார்சல் போடட்டுமா என்று கேட்டான். நீயே வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு தடவையும் பிரித்துக் கழுவு, ஈரத்தோடு மூடி வைக்காதே என்று பதில் வந்தது. மற்ற விஷயத்தில் எவன் பேச்சையும் கேட்காத என் அண்ணன் அந்த மெசேஜை மட்டும் சாமி வாக்காக எடுத்துக்கொண்டான்.

எங்கள் வீடு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸைத் தாண்டி புதிதாக முளைத்த நகரில் இருக்கிறது. போர் தண்ணீர். குழாய், ஷவர், பக்கெட், எல்லாவற்றிலும் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அந்த வீட்டில் உப்புப் படியாத ஒரே பொருள் அந்த ரேசர்தான். பழைய டூத் பிரஷ்ஷால் தட்டின் இடுக்கையும் திருகையும் தேய்ப்பான். பிளேடைத் துணியால் துடைக்க மாட்டான், முனை போய்விடும் என்று உதறிக் காயவைப்பான். ஞாயிற்றுக்கிழமை அம்மா விளக்குத் தேய்க்கும்போது கொஞ்சம் புளி வாங்கிக்கொண்டு வந்து பிளேடு தவிர மற்றதில் தடவுவான். இரண்டு நிமிஷம். அதற்கு மேல் விட்டால் பூச்சு போய்விடும் என்று வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே நிற்பான். கடைசியில் திருகில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய். நான் இதையெல்லாம் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறேன், கிண்டல் பண்ணத்தான்.

கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து அண்ணி உண்டானார். ஐந்தாம் மாதம் பிறந்ததும் அம்மா அண்ணனைக் கூப்பிட்டாள்.

“இனிமே முகத்துல கத்தி வெக்காத. கொழந்த பொறக்கட்டும், அப்பறம் எடுத்துக்கலாம்.”

“கெஸ்ட்டுங்க முன்னாடி நிக்கற வேலம்மா இது.”

“நீங்க ரெண்டு பேரும் வயித்துல இருந்தப்ப உங்கப்பா தாடியோட தான் பஸ் ஓட்டினாரு. அவரு பஸ்ல ஆளே ஏறலயா?”

அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் பேச்சு வந்தால் அண்ணன் அடங்கிவிடுவான். நான் அடங்கவில்லை.

“தாடிக்கும் கொழந்தைக்கும் நடுவுல வயரு எதனா போகுதாம்மா? இன்னா லாஜிக் இது?”

“நீ இன்ஜினியரிங் படிச்சது போதும். வாய மூடு.”

அண்ணி சிரித்தார். “விடுங்க தம்பி. உங்கண்ணன் தாடியில எப்டி இருக்காருன்னு நானும் பாக்கறேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அதைக் கடைசியாகக் கழுவினான். புளி, பிரஷ், எண்ணெய், எல்லாம். பிளேடைத் தனியாக எடுத்து பேப்பரில் மடித்துக் குப்பையில் போட்டான். மூன்று துண்டையும் வெயிலில் காயவைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, ஒரு எவர்சில்வர் டப்பாவில் வைத்தான். அம்மா அதை வாங்கி பீரோ மேலே வைத்துவிட்டாள். குழந்தை பிறக்கிறவரை அதை யாரும் எடுக்கக் கூடாது என்றாள். அம்மா அந்தப் பக்கம் போனதும் அண்ணன் என் காதோரம் வந்தான்.

“வாரம் ஒருக்கா தொறந்து பாருடா. எண்ண காஞ்சிருந்தா தடவி வையி. நான் தொட்டா அம்மா கத்தும்.”

“பொறந்த அன்னிக்கு மொதல்ல ஷேவிங்கா, இல்ல ஸ்வீட்டா?”

“ஷேவிங்கு. முள்ளு முகத்தோட கொழந்தைய தூக்கக் கூடாது. குத்தும்.”

அவனுக்குத் தாடி காடு மாதிரி வளர்ந்தது. ஏழாம் மாதம் கிரிவலப் பாதையோரம் டீ குடித்துக்கொண்டு நின்றவனை ஒரு வெளிநாட்டு அம்மா கும்பிட்டு, ஆரஞ்சுப் பழம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். அண்ணன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து உரித்து அண்ணிக்குக் கொடுத்தான். சாமியார் கொடுத்த பிரசாதம் என்று அண்ணி சுளை சுளையாகத் தின்றார். நாங்கள் மூன்று பேரும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு, அம்மா அடுப்படியிலிருந்து வந்து என்ன என்று கேட்கும் அளவுக்கு இருந்தது.

என் விஷயத்துக்கு வருகிறேன். அதே மாதம் எனக்குச் சென்னையில் ஒரு இன்டர்வியூ. முகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மெயிலில் போட்டிருந்தார்கள். கிளம்புகிற காலையில் என் டிரிம்மர் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. ஐந்து மணி பஸ். நாற்காலி போட்டு ஏறி டப்பாவை எடுத்தேன். டிராயரில் இருந்த புது பிளேடைப் போட்டேன். ஷேவ் செய்தேன். அப்படியே ஈரத்தோடு, சோப்பு நுரையோடு, பிளேடைக்கூட எடுக்காமல் துணியில் சுருட்டி டப்பாவை அழுத்தி மூடினேன். ராத்திரி வந்து கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அம்மா பூஜை அறையில் இருந்ததால் பார்க்கவில்லை. வேலையும் கிடைக்கவில்லை, கழுவவும் இல்லை. ஞாயிறு தோறும் அண்ணன் கண்ணாலேயே கேட்பான். பார்த்துட்டேன் என்று தலையாட்டுவேன்.

எட்டாம் மாதத்தில் ஒரு காலை, குழந்தை அசையவே இல்லை என்று அண்ணி சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போனோம். சாயந்திரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெண் குழந்தை. நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்ததை அண்ணன் வாங்கிக்கொண்டான். வாங்கும்போது தாடி மேலே பட்டுவிடாமல் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டான். நானும் அவனும் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வராது.

அண்ணியை அவர் அம்மா போளூர் பக்கத்தில் இருக்கிற அவர்கள் ஊருக்கு அழைத்துப்போனார். அண்ணன் மூன்றாம் நாளே வேலைக்குப் போய்விட்டான். தாடி அப்படியே இருந்தது. எடு என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. வைக்கச் சொன்னவளே அவள்தானே. என்னாலும் முடியவில்லை.

எங்கள் தெருவில் அந்தத் தாடிக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். நடந்தது மட்டும் எல்லோருக்கும் தெரியாது. ஒரு நாள் மளிகைக் கடையில் நான் அவன் பக்கத்தில் நிற்கும்போதே கடைக்காரர் கேட்டார்.

“இன்னா தம்பி, தாடி ஜாஸ்தி ஆயிட்டே போவுது. இன்னும் எத்தன நாளு?”

“இன்னும் கொஞ்ச நாள்ணே,” என்றான் அண்ணன். சில்லறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான்.

வெளியே வந்ததும், ஏன்ணா இப்படிச் சொன்ன என்று கேட்டேன்.

“வேற இன்னா சொல்றது. அவரு பாவம், சந்தோஷமா கேக்கறாரு.”

சலூனுக்கும் போக முடியாது. நாலு மாதத் தாடியோடு போய் நாற்காலியில் உட்கார்ந்தால், கடைக்காரர் துணியைக் கழுத்தில் கட்டும்போதே என்ன குழந்தை என்றுதான் கேட்பார்.

ஒரு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை, அண்ணி எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, உங்கண்ணன் இன்னும் தாடியோட தான் இருக்காரா?”

“ஆமா அண்ணி.”

“நான் வெள்ளிக்கிழம வர்றேன். என்னால அத பாக்க முடியாதுங்க. அவருகிட்ட சொல்லவும் முடியல. சொன்னா, நாந்தான் எல்லாத்தையும் முடிச்சு வெச்ச மாதிரி ஆயிடும். நீங்க எப்படியாச்சும் எடுக்க வெச்சிடுங்க.”

வெள்ளிக்கிழமை எடுக்க அம்மா விட மாட்டாள். அப்படியென்றால் வியாழக்கிழமைக்குள். அண்ணனிடம் சொன்னேன். அண்ணி போன் செய்ததை மறைக்காமல் சொன்னேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

“நாளைக்கு நாலு மணிக்கு வந்துடறேன். அத எறக்கி வையி.”

“புதுசு ஒண்ணு வாங்கிட்டு வரட்டுமாண்ணா?”

“வேணாம். அதையே எடு. எதுக்குன்னு சுத்தி வெச்சேனோ அது இல்ல. பரவால்ல, அதுலயே எடுத்துடறேன்.”

மறுநாள் அவன் கிளம்பிய பிறகு டப்பாவைத் திறந்தேன். துணியில் காவி நிறத்தில் ஒரு கட்டம், பிளேடு அளவுக்கு. பிளேடு துருப்பிடித்துத் தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சோப்பும் உப்பும் காய்ந்து திருகு இறுகிக்கிடந்தது. வெந்நீர் விட்டு, துணியால் பிடித்து முறுக்கி, எப்படியோ பிரித்தேன். துரு மூடியிலும் தட்டிலும் இறங்கியிருந்தது.

புளியைக் கரைத்து ஒரு கிண்ணத்தில் மூன்று துண்டையும் ஊறப்போட்டேன். இரண்டு நிமிஷம் என்று தெரியும். துரு ஜாஸ்தி என்பதால் அரை மணி நேரம் போகட்டும் என்று விட்டேன். அம்மா அதற்குள் அண்ணி வருகிறார் என்று ஒரு பெரிய லிஸ்ட் எழுதிக்கொடுத்து டவுனுக்கு அனுப்பினாள். தேரடித் தெரு, பழக்கடை, மெடிக்கல், அங்கே ஒரு பிரண்டு, ஒரு டீ. திரும்பி வந்தபோது மணி மூன்று. கிண்ணத்துத் தண்ணீர் பச்சையாகியிருந்தது. துரு போயிருந்தது. கூடவே பளபளப்பும் போய், மூடியெல்லாம் அம்மை போட்ட முகம் மாதிரி குழி குழியாக இருந்தது.

நாலு மணிக்கு அண்ணன் வந்தான். பாத்ரூம் வாசலில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பொய் ஒன்று யோசித்து வைத்திருந்தேன், வாயில் வரவில்லை.

“நாந்தாண்ணா. இன்டர்வியூ அன்னிக்கு எடுத்தேன். ஈரத்தோட வெச்சிட்டேன். ஒரு வாரம்கூட தொறந்து பாக்கல. அம்மா எடுக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு இல்ல, நான் எடுத்துட்டேண்ணா. ஏழாம் மாசம்.”

கடைசி வார்த்தையைச் சொன்ன பிறகுதான் நான் எதைச் சொல்ல வந்தேன் என்று எனக்கே தெரிந்தது. தாடிக்கும் குழந்தைக்கும் வயரா போகிறது என்று கேட்ட அதே வாய். ஒரு மாதமாக அந்த வயர் எனக்குள்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அண்ணன் மூடியைக் கட்டை விரலால் தடவினான்.

“எவ்ளோ நேரம் புளியில போட்ட?”

“காலையிலேர்ந்து.”

“மடையா.” கோபமே இல்லாமல் சொன்னான். பிறகு, “டாக்டரு கொடி சுத்திக்கிச்சுன்னு சொன்னாரு இல்ல. உன் முன்னாடி தானே சொன்னாரு. ரேசரு எங்கிருந்துடா வந்துச்சு நடுவுல,” என்றான்.

“தெரியலண்ணா.”

“நானும்தான் யோசிச்சேன். ஒரு நாள் மீசய மட்டும் கத்திரியில கொஞ்சம் வெட்னேன், சோத்துல படுதுன்னு. அதுவா இருக்குமோன்னு யோசிச்சேன். யோசிச்சா நிக்காதுடா. போ, டிரிம்மர எடுத்துட்டு வா.”

முதலில் டிரிம்மரால் நான் எடுத்துவிட்டேன். தாடி கொத்துக் கொத்தாகத் தரையில் விழுந்தது. மீதியை அவன் புது பிளேடு போட்டு ரேசரால் எடுத்தான். மூடி சொரசொரப்பாக இருந்ததால் இழுத்து இழுத்துப் போயிற்று. தாடையில் ஒரு இடத்தில் வெட்டியது. அவன் நிறுத்தவில்லை. முடித்துவிட்டு ரேசரைப் பிரித்தான். பிளேடை எடுத்து பேப்பரில் மடித்தான். பிரஷ்ஷை எடுத்து இடுக்கெல்லாம் தேய்த்தான். தண்ணீரில் காட்டினான், மறுபடி தேய்த்தான். பளபளப்பு வரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். கிண்டல் பண்ண ஒன்றும் தோன்றவில்லை. பத்து நிமிஷம் தாண்டி, குழாயை முழுசாகத் திறந்துவிட்டான். தண்ணீர்ச் சத்தத்துக்குள் அவன் தோள் குலுங்கியது. நான் கதவைச் சாத்தினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அண்ணி ஆட்டோவில் வந்து இறங்கினார். அம்மா பையை வாங்கிக்கொண்டாள். அண்ணன் கதவருகே நின்றான். வெயில் பட்ட நெற்றி கறுப்பாகவும், தாடி இருந்த இடம் வெளுத்தும் இருந்தது. அண்ணி அவன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

“கன்னம் ரெண்டும் ஒட்டிப்போச்சே. தாடியில தெரியாம இருந்திருக்கு. சாப்பிடவே இல்லயா நீங்க?”

“சாப்ட்டேனே.”

“எங்க சாப்ட்டீங்க.” அவர் கை நீண்டு தாடையில் வெட்டுப்பட்ட இடத்தில் நின்றது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை பிரஷ்ஷோடு நான் பாத்ரூம் வாசலில் நின்றேன். உள்ளே ரேசரை வாஷ்பேசின் ஓரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தவன் அதை டப்பாவில் வைக்கவில்லை. ஜன்னல் மேடையில், காற்று படுகிற இடத்தில், மூன்று துண்டாகக் காயவைத்தான்.

“ஞாயித்துக்கெழம எண்ண நீ போடு,” என்றான். “மறக்காத.”

போட்டேன். போன ஞாயிறும் போட்டேன்.