மீட்டருக்குத் தெரிந்த ஒரே முகம்

ஒரகடம் கூட்டுரோட்டில், கம்பெனி ஷிப்டு முடிந்த பிள்ளைகள் மொய்க்கும் ஃப்ரைடு ரைஸ் வண்டி. வாணலியில் வினிகர் விழுந்து சீறும்போதெல்லாம் எனக்கு மூக்கு எரிவதில்லை, நெஞ்சு எரிகிறது. அதே புளித்த நெடி. தொண்ணூற்றொன்றில், ஸ்ரீபெரும்புதூர் பஜாரின் ஒரு ஸ்டூடியோ இருட்டறையில், சிவப்பு விளக்கின் கீழே, படம் கழுவும் ஆசிட் தட்டிலிருந்து எழுந்த நெடி. அந்த நெடிக்கு நடுவே, பக்கத்துத் தட்டில் ஒரு முகம் மெல்ல மேலே வரும். தண்டலத்துப் பள்ளிக்கூடத்து டீச்சரின் முகம்.

அங்கே பிரிண்ட் போடுவது என் வேலை. முதலாளி மெட்ராஸிலிருந்து வெளிச்சம் அளக்கும் பழைய மீட்டர் ஒன்றும் டைமர் ஒன்றும் வாங்கிவந்தார். என்லார்ஜர் வெளிச்சத்தில் நெகட்டிவின் முகம் பலகைமேல் விழும். அந்தக் கன்னத்தில் மீட்டரின் சிறு கண்ணை வைத்தால் எத்தனை செகண்டு என்று முள் சொல்லும். டைமரைத் திருகினால் அதுவே விளக்கை அணைத்துவிடும். "இனிமே ஒன் கண்ண நம்பாத, இது சொல்றதக் கேளு" என்றார். ஆனால் மீட்டரின் திருகைத் திருப்பி, அதற்கு முதலில் ஒரு முகத்தைப் பழக்கியாக வேண்டும். முதலாளி பழக்கியது ஷோகேஸிலிருந்த பட்டுப்புடவைப் பெண்ணை. பால் நிறம். அதோடு முடிந்தது. பிறகு யார் கன்னத்தில் வைத்தாலும் அந்த நிறம் வரத் தேவையான செகண்டைத்தான் அது சொல்லும். வல்லத்துப் பெண், இருங்காட்டுக்கோட்டைப் பெண், எல்லோரும் ஒரே வெளுப்பில் கம்பியில் தொங்கிக் காய்ந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் போட்டோ வெளுப்பாக வந்தால் யார் சண்டைக்கு வருவார்கள்?

டீச்சர் வந்தார். நாங்கள் போட்டுக்கொடுத்த தன் போட்டோவைக் கண்ணாடி மேசையில் வைத்து, பக்கத்தில் தன் முன்கையை வைத்தார்.

"தம்பி, இது யாரு?"

முந்தின ஞாயிறு பெண் பார்க்க வந்தவர்கள் போட்டோவையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, காப்பியைத் தொடாமல் எழுந்துவிட்டார்களாம். "போட்டோல வேற பொண்ணு கீதேன்னு வாசல்ல சொல்லிக்கினே போனாங்க. இதோட மூணாவது வூடு."

மீட்டரின் சங்கதியைச் சொன்னேன். போட்டோவைக் கவிழ்த்து வைத்தார். "அப்ப என் மூஞ்சிய வெச்சு அதுக்குக் கத்துக்குடுங்க."

முதலாளி சாப்பிடப் போயிருந்தார். துண்டுக் காகிதங்களில் செகண்டைக் கூட்டிக் கூட்டிப் போட்டேன்; கூடக் கூட முகம் கருத்துக்கொண்டே வந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையை வைத்துப் பார்த்து, ஒன்றைத் தொட்டார். "இதான் நான்." மீட்டரின் திருகை அங்கே நிறுத்தி, மூன்று படம் போட்டேன். அந்தக் கருப்பில் அவர் கண்கள் பேசத் தொடங்கியிருந்தன. காய்ந்ததும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

மறுநாள் காலை முதலாளி, திருகைக் கவனிக்காமல், அரிசி மில்காரர் மகளின் படத்தைப் போட்டார். மில்காரர் கடைவாசலில் நின்று கத்திவிட்டுப் போனதும் முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"மீட்டர்ல எவன்டா கை வெச்சது? மில்லுக்காரு பொண்ணு டீச்சர் கணக்கா கீது."

"ஒவ்வொருத்தருக்கும் தனியாப் பாத்து வெக்கலாம் சார்."

"இன்னாடா, ஊர்ல கீற ஒவ்வொரு மூஞ்சிக்கும் ஒரு மீட்டரா வாங்கினு வர்றது?"

திருகு பழைய இடத்துக்கே போனது. எனக்குக் கோபம் மீட்டர் மேல்தான். பொய் சொல்லத் தெரியாத கருவி, ஒரே ஒரு முகத்தைத் தவிர வேறெதையும் அறியாத கருவி. அதை உடைத்திருக்கலாம். உடைத்தால் மட்டும்?

சாயங்காலம் டீச்சரின் அம்மா வந்து, கருப்புப் படங்களைப் பார்த்துப் பதறினார். "இதப் போய் அனுப்புவாங்களா? பழையபடி போட்டுக்குடுப்பா." முதலாளி மூன்று வெளுத்த படங்களைப் போட்டுக் கொடுத்தார். கருப்பில் இரண்டைக் கிழித்தார். ஒன்றை நான் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

இப்போது வண்டியருகே ஒரு பெண் போனை நீட்டித் தன்னைப் படம் எடுக்கிறாள். ஜவுளிக்கடை பொம்மைபோல் திரையில் வெளுத்துப்போகிறாள். அவள் எதையும் தொடவேயில்லை, போனே அவளை வெளுக்கிறது. வினிகர் மறுபடி சீறுகிறது.

அன்று, அம்மா வந்துபோன மறுநாள் டீச்சர் வந்தபோது அந்த ஒற்றைப் படத்தைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, கைப்பைக்குள் பத்திரமாக வைத்தார்.

"அம்மா அந்த வெளுத்ததையே அனுப்பட்டும் தம்பி. அடுத்து வர்றவங்களுக்கு இத வாசல்லயே காட்டிடறேன். காப்பித் தூளாச்சும் மிச்சம்."