அறபா நாளில் கறுத்த செடி தின்ற ஆடு

1979 ஒக்டோபர் 31, புதன்கிழமை. அறபா நோன்பு. சஹர் சாப்பாடு முடித்து, சுபஹ் தொழுது, கிணற்றடித் தொட்டியை நிரப்பிவிட்டுக் கல்முனைப் பசாரில் என் புடவைக்கடையைத் திறந்தேன். மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாள் என்பதால் நல்ல சனம். மதிய லுஹர் தொழுகைக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு வீடு வந்தபோது ஆடு கத்தவில்லை. படலை திறக்கும் சத்தத்துக்கே கத்துகிற ஆடு அது.

போன வருடப் புயலில் கூரை பறந்தபோது, மேசைக்குக் கீழே இந்த ஆட்டை அணைத்தபடி கிடந்த என் மனைவி, உயிர் தப்பினால் அடுத்த ஹஜ்ஜுக்கு இதையே அறுத்துக் குர்பான் கொடுப்பதாக நேர்ந்திருந்தாள். வேறு ஆடு வாங்கி ஈடு செய்ய முடியாது.

ஆடு வேலியோரம் நின்றது. முதுகில் ஒரு காகம். அதை உதறக்கூட இல்லை. ஆட்டின் கண்மணி குறுக்குக் கோடாக இருக்கும். அன்று அது வட்டமாகக் கறுத்து, மனிதக் கண்போல என்னைப் பார்த்தது.

கிணற்றுக்குப் பின்னால் மச்சான் வளர்த்த கஞ்சாச் செடியின் மேல்கொப்புகள் இல்லை.

மச்சான் என் மனைவியின் மூத்த சகோதரர், அவளுக்குக் காக்கா. புயலன்று கடற்கரை மீன்வாடிக் குடிசைக்குள் விடியும்வரை கழுத்தளவு தண்ணீரில் நின்றவர். அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கமில்லை. காட்டுச் சேனைப் பயிர்ப் பக்கமிருந்து கொண்டுவந்த விதையில் முளைத்த செடி அது. இலை கத்தரிக்காய்த் தோலின் நிறம், பூ இன்னும் கறுப்பு. கசக்கினால் விரலில் பிசினாக ஒட்டும். ஈர மண்ணும் கராம்பும் கலந்த மணம். பச்சைக் கஞ்சா குடித்தவர்கள் சிரிப்பார்கள், ஓயாமல் கதைப்பார்கள். இதைக் குடித்தால் மச்சான் பேசுவதே இல்லை. கைகால் தளர்ந்து, இருந்த இடத்திலேயே கனத்துப் போவார்.

"தான் கெட்டது காணாதெண்டு ஆட்டையும் பழக்கிட்டார் எங்கட காக்கா," என்றாள் மனைவி.

"செத்துப் போகுமா மச்சான்?" என்று, செடியருகே வந்து நின்றவரிடம் கேட்டேன்.

"சாகாது. கைகால அவிழ்த்து வெச்ச மாதிரி கிடக்கும். அவ்வளவுதான்."

மாலை அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் லெப்பையை அழைத்து வந்தேன். அதற்குள் ஆடு சரிந்து படுத்துவிட்டது. வாயில் ஒன்றுமில்லாமலே அசைபோட்டது. லெப்பை ஆட்டின் காதைப் பிடித்துப் பார்த்தார்.

"நாளைக்கு நாலு காலிலயும் எழும்பி நிண்டு தீன் எடுத்தா அறுக்கலாம். நோயாளி ஆடு கூடாது. எழும்பாட்டி நேர்ச்சை உங்கட கழுத்திலதான்."

மனைவி முக்காட்டை வாயில் கவ்விக்கொண்டாள்.

நோன்பு திறந்த பின் பார்த்தேன். மச்சான் ஆட்டுக்கு எதிரே குந்தியிருந்தார். ஆட்டின் வயிறு எழும்போது அவருடைய நெஞ்சும் எழுந்தது, தாழும்போது தாழ்ந்தது. சற்று நேரத்தில் என் மூச்சும் அதே கணக்கில் போவதை உணர்ந்து எழுந்துவிட்டேன்.

"மச்சான், உள்ளுக்கு வாங்க."

"சத்தம் போடாதீங்க. அது இப்ப தண்ணி இல்லாத இடத்தில நிக்குது," என்றார். "எனக்கு அந்த இடம் தெரியும். வாறத்துக்கு மனம் வராது."

மறுநாள் சுபஹ் பாங்கு சொன்னதும், முதல் வேலையாகப் பிலா இலைக் கொத்தொன்றை ஆட்டின் வாயருகே பிடித்தேன். முகர்ந்தது. பின்னங்கால்களை ஊன்றி, தடுமாறி எழுந்து, இலையைக் கடித்து இழுத்தது. பிறகு அடித்தொண்டையால் கத்தியது. மனைவி அழுதுகொண்டு ஓடி வந்தாள். பக்கத்தில் படுத்திருந்த மச்சான் அந்தச் சத்தத்துக்கும் அசையவில்லை. தூக்கத்தில் மூச்சு மட்டும் சீராக வந்தது. நான் கயிற்றை அவிழ்த்து, ஆட்டை லெப்பை வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனேன்.